லிட்டருக்கு முப்பத்தொன்று

பெட்ரோல் திருடர்களை என் தொழிலில் நிறையப் பார்த்திருக்கிறேன். டியூப் போட்டு வாயால் உறிஞ்சுகிறவன், டேங்க் அடியில் ஓட்டை போடுகிறவன், ரிப்பேருக்கு விட்ட வண்டியில் ஊர் சுற்றி வருகிறவன். ஆனால் அடுத்தவர் வண்டியில் திருட்டுத்தனமாகப் பெட்ரோல் ஊற்றிவிட்டுப் போகிற ஆளை முப்பது வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். அவரைக் கண்டுபிடிப்பதற்குள் எனக்கு மண்டை காய்ந்துவிட்டது.

என் பெயர் சுகதன். ராமங்கரி ரோட்டோரத்தில் ஒர்க்ஷாப். ஊருக்கெல்லாம் நான் சுகதன் ஆசான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று சொல்வார்கள். வேலை தெரிந்தவனுக்கு வாய் நீளமாகத்தான் இருக்கும்.

அன்றைக்கு வியாழக்கிழமை. காலை எட்டு மணிக்கு லிஸ்ஸம்மாவின் சின்ன வெள்ளைக் கார் என் வாசலில் வந்து நின்றது. தலையில் ‘எல்’ போர்டு, இரண்டு பக்கமும் ‘ஏஞ்சல் டிரைவிங் ஸ்கூல்’ என்று நீல எழுத்து. ஓட்டியது பங்கஜாக்ஷி சேச்சி என்பது வண்டி நின்ற விதத்திலேயே தெரிந்தது. என் டயர் அடுக்கில் முட்டித்தான் நின்றது. பங்கஜாக்ஷிக்கு ஐம்பத்தொன்பது வயது. கூட்டுறவு சங்கத்தில் ஓய்வு பெற்றவர். டிரைவிங் டெஸ்டில் மூன்று தடவை தோற்றவர், நாலாவது தடவை அடுத்த வாரம்.

லிஸ்ஸம்மா இறங்கி நேரே என்னிடம் வந்தாள். எப்போதும் சிரித்துக்கொண்டே வருகிறவள், அன்றைக்குச் சிரிக்கவில்லை.

“ஆசானே, எஞ்சின் லைட் எரியுது. நேத்து புகை டெஸ்டுக்குப் போனேன், பாஸ் ஆகல. டவுன்ல பெரிய சர்வீஸ் சென்டர்ல காட்டினேன். கன்வர்ட்டர் போயிடுச்சு, புதுசு போடணும்கிறாங்க. அந்த விலைக்கு வண்டியில பாதிய வாங்கிடலாம்.”

“ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல ஃபிட்னஸ் டெஸ்ட் என்னைக்கு?”

“செவ்வாய்க்கிழமை. புகை சர்ட்டிஃபிகேட் இல்லாம ஃபிட்னஸ் கிடையாது. ஃபிட்னஸ் இல்லாம ஸ்கூல் கிடையாது. எங்கிட்ட இருக்கிறது இந்த ஒரே வண்டி.”

“அப்புறம் பதினோரு பொம்பளைங்களோட டெஸ்டும் போச்சு,” என்றார் பங்கஜாக்ஷி ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே. இன்னும் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.

லிஸ்ஸம்மாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சங்கனாச்சேரியில் ஒரு துணிக்கடையில் பத்து வருஷம் வேலை பார்த்தாள். காலை ஒன்பதிலிருந்து ராத்திரி எட்டு வரை நின்றுகொண்டே புடவை விரிக்கிற வேலை. உட்கார்ந்தால் சூப்பர்வைசர் கத்துவான். ஒருநாள் முழங்கால் நரம்பு புடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். திரும்பி வந்ததும், இனிமேல் உட்கார்ந்துகொண்டு பார்க்கிற வேலைதான் பார்ப்பேன் என்று சொல்லி, கல்யாணத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த பொன்னை விற்று இந்த வண்டியை வாங்கினாள். பெண்களுக்குப் பெண்ணே ஓட்டக் கற்றுக்கொடுக்கிற ஸ்கூல். ஆறு மாதத்தில் பிடித்துக்கொண்டது. சங்கனாச்சேரித் துணிக்கடைக்காரன் இன்னும் ஆள் அனுப்பிக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தான்.

அவள் அப்பன் அவுதக்குட்டி வள்ளக்காரர், படகு ஓட்டுகிறவர். பின்பக்கம் வெளியெஞ்சின் பொருத்திய ஒரு நடுத்தர வள்ளம். அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், பள்ளிக்கூடப் பிள்ளைகள், என்னைப் போல அக்கரையில் வீடு உள்ளவர்கள், எல்லோரையும் ஏற்றி இறக்குகிறவர். பெரிய மீசை. அந்த மீசையை வருடாமல் அவருக்கு ஒரு வாக்கியம் முடியாது. பொன்னை விற்றது தெரிந்ததும் மனுஷன் கொதித்துப்போனார். சர்ச் திருவிழாவான பள்ளிப் பெருநாள் அன்றைக்குக் குர்பானைப் பூசை முடிந்து வெளியே வந்த கூட்டத்துக்கு நடுவில் நின்று சத்தம் போட்டார்.

“பொன்னைக் குடுத்துத் தகரம் வாங்கிட்டு வந்திருக்கா! அடுத்த பெருநாளுக்குள்ள அந்த ஸ்கூல் மூடலைன்னா, இந்த மீசைய எடுத்துர்றேன்!”

அன்றிலிருந்து பதினோரு மாதமாக அப்பனுக்கும் மகளுக்கும் பேச்சில்லை. ஒரே வீடு, ஒரே சட்டிச் சோறு. “மீன்ல உப்பு இல்லன்னு உன் புருஷன்கிட்ட சொல்லு” என்று மகள் சொல்ல, “உப்பு நான்தான்டி போட்டேன், என்கிட்ட நேரா சொல்லேன்” என்று அவள் அம்மா மறியக்குட்டி தலையில் அடித்துக்கொள்வாள். தினமும் காலையில் மகளை அக்கரையிலிருந்து படகு ஜெட்டிக்குக் கொண்டுவந்து விடுவதும் அந்த அப்பன்தான். அவள் முன்னால் தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். அவர் பின்னால் எஞ்சினைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்ப்பார். நடுவில் யாராவது பேச்சைத் தொடங்கினால் எஞ்சினை முறுக்கிச் சத்தத்தைக் கூட்டிவிடுவார். நான் அந்த வள்ளத்தில் தினமும் போகிறவன், என் காதைக் கேட்டுப் பாருங்கள்.

பெருநாளுக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. செவ்வாய்க்கிழமை வண்டி தோற்றால் மீசை தப்பிக்கும், லிஸ்ஸம்மா மறுபடியும் துணிக்கடையில் போய் நிற்பாள். இதுதான் விஷயம்.

ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் சொருகினேன். திரையில் வந்தது, பி சைபர் நாலு இரண்டு சைபர்.

“நானூத்தி இருபதா!” பங்கஜாக்ஷி எட்டிப் பார்த்தார். “ஐயோ, வண்டி யாரை ஏமாத்துச்சு?”

“உங்களுக்கு லைசென்ஸ் குடுக்கப் போற கவர்மென்டை,” என்றேன்.

எனக்கு இந்த நம்பரைப் பிடிக்காது. இந்த நம்பரைப் பார்த்ததும் கன்வர்ட்டரை மாற்று என்று சொல்கிறவனையும் பிடிக்காது. கன்வர்ட்டர் என்பது புகைக்குழாயின் நடுவில் இருக்கிற ஒரு டப்பா. அதற்குள் தேன்கூடு மாதிரி சின்னச் சின்ன அறைகள். எஞ்சினிலிருந்து வரும் கெட்ட புகையைப் பிடித்து எரித்து ஓரளவு நல்ல காற்றாக வெளியே விடுவது அதன் வேலை. டப்பாவுக்கு முன்னால் ஒரு சென்சார், பின்னால் ஒரு சென்சார். முன்னால் உள்ளது ஏறி இறங்கி ஆடிக்கொண்டே இருக்கும். டப்பா நல்லபடி வேலை செய்தால் பின்னால் உள்ளது ஆடாமல் நிற்கும். இரண்டும் சேர்ந்து ஆடினால் நானூற்று இருபது. டப்பா வேலை செய்யவில்லை என்று மட்டும்தான் அந்த நம்பர் சொல்லும். ஏன் செய்யவில்லை என்று சொல்லாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் மெக்கானிக்.

வண்டியைத் தூக்கி, குழாய் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்த்தேன். எங்கும் குமிழி வரவில்லை, கசிவு இல்லை. ஓட்டிப் பார்க்கலாம் என்று பங்கஜாக்ஷியையே ஓட்டச் சொன்னேன். கஷ்டப்பட்டு ஓடும்போது வண்டி என்ன செய்கிறது என்று பார்க்க அவரைவிட நல்ல ஆள் கிடையாது. திரையில் சிவப்புக் கோடு முன் சென்சார், நீலக் கோடு பின் சென்சார். இரண்டும் கைகோத்துக்கொண்டு ஆடின.

“ஆசானே,” என்றார் பங்கஜாக்ஷி, “இந்த வண்டியில உக்காந்தா எனக்கு வள்ளத்துல போற மாதிரியே இருக்கு. குமட்டிட்டு வருது.”

“நீங்க கிளட்ச விடுற லட்சணத்துக்கு எனக்கும்தான் குமட்டுது. ரோட்டப் பாருங்க சேச்சி!”

அப்போதே அந்தம்மா சொன்னதைக் காதில் வாங்கியிருந்தால் ஒருநாள் மிச்சமாகியிருக்கும். என் வாய் அப்படி.

“வண்டி இதுவரைக்கும் ஒரு குறையும் சொன்னதில்ல ஆசானே,” என்றாள் லிஸ்ஸம்மா பின் சீட்டிலிருந்து. “மைலேஜ் கேட்டா அசந்துருவீங்க. லிட்டருக்கு முப்பத்தொண்ணு!”

“எவ்வளவு?”

“முப்பத்தொண்ணு. திங்கக்கிழமை பத்து லிட்டர் போடுவேன். சனிக்கிழமை வரைக்கும் முந்நூறுக்கு மேல ஓடும். எல்லாம் ஓட்டுற கையில இருக்கு.”

அவள் முகத்தில் ஒரு பெருமை. இந்தப் பேச்சை அவள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது பிறகுதான் தெரிந்தது. ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அந்த முப்பத்தொன்று தொண்டையில் சிக்கிக்கொண்டது. புது வண்டிக்கே கம்பெனிக்காரன் விளம்பரத்தில் போடக் கூச்சப்படுகிற கணக்கு அது. இதுவோ நாளெல்லாம் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஊர்ந்து, பத்தடிக்கு ஒருதடவை அணைந்து, மறுபடி கிளம்புகிற வண்டி. பதினாலு கொடுத்தாலே அதிகம்.

வெள்ளிக்கிழமை காலையில் பிளக்குகளைக் கழற்றினேன். நாலும் கறுத்து, எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தன. சரி, எஞ்சின் எண்ணெய் குடிக்கிறது என்று அளவுக் கம்பியை உருவிப் பார்த்தால், எண்ணெய் ஒரு சொட்டும் குறையவில்லை. எண்ணெய் எரிகிறது, ஆனால் எண்ணெய் குறையவில்லை. அப்படியானால் எண்ணெய் எங்கிருந்தோ வருகிறது. எஞ்சினுக்குள் வருகிற வழிகள் இரண்டுதான், ஒன்று காற்று, இன்னொன்று பெட்ரோல்.

டேங்கிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தேன். லேசான நீலம். ஒரு வெள்ளைத்தாளில் இரண்டு சொட்டு விட்டேன். பெட்ரோல் பறந்துபோனது. தாளில் கண்ணாடி மாதிரி ஒரு வட்டம் நின்றது. எண்ணெய்.

முதலில் பெட்ரோல் பங்கில் போய்ச் சண்டை போடலாம் என்று செருப்பைக்கூட மாட்டிவிட்டேன். வாசல் தாண்டும்போதுதான் புத்தி வந்தது. பங்கில் கலப்படம் என்றால் ஊரில் எல்லா வண்டியும் என் வாசலில் நிற்க வேண்டும், நான் மாடி கட்டியிருப்பேன். தாளை எடுத்து மறுபடி மோந்து பார்த்தேன். தினமும் இரண்டு வேளை என் மூக்கில் ஏறுகிற வாசனை. வள்ளத்து எஞ்சின் வாசனை.

பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்றுவது வெளியெஞ்சினுக்கு. அந்த நீலமும் அந்த எண்ணெயின் சாயம்தான். வள்ளத்தில் போகிற மாதிரி இருக்கிறது என்று பங்கஜாக்ஷி சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. லிஸ்ஸம்மாவுக்கு ஏன் தெரியவில்லை என்றால், அவள் பிறந்ததிலிருந்து அந்த வாசனைக்குள்தான் வளர்ந்தாள்.

இப்போது முப்பத்தொன்றுக்கும் அர்த்தம் கிடைத்தது. அவள் போடுவது வாரத்துக்குப் பத்து லிட்டர். மீதியை வேறு யாரோ போடுகிறார்கள்.

லிஸ்ஸம்மா மத்தியானம் பன்னிரண்டரைக்கு வண்டியை ஜெட்டி ஓரம் பூவரச மரத்தடியில் விட்டுவிட்டு, ஆற்றைக் கடக்கிற பொது வள்ளத்தில் வீட்டுக்குச் சாப்பிடப் போவாள், இரண்டு மணிக்கு வருவாள். வெள்ளிக்கிழமையும் வண்டியை அங்கேயே விடச் சொன்னேன். எதிர் டீக்கடையில் பழம்பொரியும் சாயாவும் வாங்கிக்கொண்டு பேப்பருக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

ஒரு மணிக்கு அவுதக்குட்டி வந்தார். தோளில் மரச்சீனிக் கிழங்குச் சாக்கு. சாலையில் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். சாக்கிலிருந்து நாலு கிழங்கை எடுத்துத் தரையில் வைத்தார். அப்புறம் ஒரு கேன். அப்புறம் பாட்டிலை வெட்டிச் செய்த புனல். மடியிலிருந்து சாவியை எடுத்து டேங்க் மூடியைத் திறந்து, சீட்டியடித்துக்கொண்டே ஊற்ற ஆரம்பித்தார். மகள் பேசவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அலைகிற மனுஷன் சீட்டியடிப்பதை அன்றைக்குத்தான் கேட்டேன்.

பின்னால் போய் நின்றேன். “என்ன அவுதக்குட்டிச் சேட்டா, மரச்சீனி நடுறீங்களா?”

கேன் கையிலிருந்து நழுவப் பார்த்தது. “ஒண்ணுமில்லடா சுகதா. மூடி சரியா மூடியிருக்கான்னு பாத்தேன்.”

“திறந்து பாத்தீங்களா?”

“திறந்தாத்தானே தெரியும்!”

“புனல் வச்சுப் பாத்தாதான் நல்லாத் தெரியுமோ?”

மீசையை வருடினார். தப்பிக்க வழியில்லை என்று தெரிந்ததும் கிழங்கைச் சாக்கில் திருப்பிப் போட ஆரம்பித்தார்.

“எத்தனை நாளா நடக்குது இது?”

“ஓணத்துலேர்ந்து.”

“தினமுமா?”

“ஞாயித்துக்கிழமை கிடையாது. அன்னைக்கு வேலை செய்யக்கூடாதில்ல.”

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். ஓணத்திலிருந்துதான் அவுதக்குட்டி கள்ளுஷாப்பு பக்கம் போவதில்லை. மனுஷன் மனம் திரும்பிவிட்டான் என்று பங்குச் சாமியார் விகாரியச்சன் பிரசங்கத்திலேயே சொன்னார். கள்ளுக்குப் போகிற காசு எங்கே போகிறது என்று அச்சனுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. அந்தக் காசு லிட்டருக்கு முப்பத்தொன்றாக மகளுக்குப் போய்க்கொண்டிருந்தது.

“சேட்டா, அவ ஸ்கூல் மூடலைன்னா உங்க மீசை போகும். அது ஞாபகம் இருக்கா?”

“மீசை போனா வளரும்டா.” குரல் இறங்கிவிட்டது. “அவ காலப் பாத்திருக்கியா? நரம்பு முண்டும் முடிச்சுமா... ராத்திரி படுத்துட்டு அவ முனகறது பக்கத்து ரூம்ல எனக்குக் கேக்கும். மறுபடியும் அங்க போயி நிக்கணுமா அவ? கோவத்துல நான் கத்திட்டேன். கத்தினதத் திருப்பி எடுக்கத் தெரியல. பெட்ரோல் ஊத்தத் தெரியும், ஊத்தினேன்.”

ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டேன். “ஊத்துனீங்க சரி. வள்ளத்துக்கு எண்ணெய் கலந்து வச்சதையா ஊத்துனீங்க?”

“பின்ன?” மனுஷனுக்குக் கோபம் வந்துவிட்டது. “எண்ணெய் கலக்காத பெட்ரோல எஞ்சின்ல ஊத்தினா பிஸ்டன் புடிச்சுக்காதா? நாப்பது வருஷமா எஞ்சின் ஓட்டுறேன், எனக்குச் சொல்லித் தர்றியா? எம் பொண்ணு வண்டிடா அது. என் எஞ்சினுக்குக் கலக்குறதவிட ஒரு மூடி கூடத்தான் கலந்தேன்!”

“ஒரு மூடி கூடவா!” தலையில் கையை வைத்துக்கொண்டேன். “சேட்டா, வள்ளத்து எஞ்சினுக்கு எண்ணெய் பெட்ரோலோட போகணும். கார் எஞ்சினுக்கு எண்ணெய் தனியா கீழ கிடக்கு. நீங்க ஊத்துன எண்ணெய் எரிஞ்சு, புகைஞ்சு, குழாய்ல இருக்கிற டப்பாவை அடைச்சிருச்சு. அதான் லைட் எரியுது. அதான் புகை டெஸ்ட்ல தோத்தா.”

அவர் பூவரச வேரில் உட்கார்ந்துவிட்டார்.

“அப்ப நானாடா கெடுத்தேன்?”

நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“ஒரு வழி இருக்கு,” என்றேன். “டேங்கக் காலி பண்ணி, நல்ல பெட்ரோல் போட்டு, புது பிளக் மாட்டி, வண்டிய நிறுத்தாம வேகமா ஓட்டணும். டப்பா நல்லா சூடேறினா, படிஞ்சது எரிஞ்சு போகலாம். உள்ள உருகி உடைஞ்சிருந்தா ஒண்ணும் பண்ண முடியாது. பாதிக்குப் பாதி.”

“அவகிட்ட என் பேரச் சொல்லாத.”

“ஏன்?”

“தான் ஓட்டுற கையாலதான் முப்பத்தொண்ணு குடுக்குதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுறா. அத ஏன்டா கெடுக்கணும்?”

சனிக்கிழமை காலை டேங்கைக் காலி செய்தேன். லிஸ்ஸம்மா பக்கத்திலேயே நின்றாள். அவளை டீ வாங்க அனுப்பிவிட்டுச் செய்திருக்கலாம், எனக்குத் தோன்றவில்லை. நீலமாகப் பெட்ரோல் கேனில் விழுந்தது.

“பெட்ரோல்ல என்னமோ கலந்திருக்கு,” என்றேன், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. “பழைய ஸ்டாக்கா இருக்கும்.”

அவள் குனிந்து ஒரு விரலைக் கேனில் நனைத்தாள். கட்டை விரலோடு சேர்த்துத் தேய்த்தாள். மூக்கருகே கொண்டுபோனாள். அப்படியே நின்றாள். இந்த வாசனையுள்ள அப்பன் சட்டையைச் சின்ன வயசிலிருந்து துவைத்துப் போட்டவள் அவள், அவளிடம் பழைய ஸ்டாக் என்று சொன்ன என் புத்தியை என்னவென்று சொல்வது.

“டேங்க் மூடிச் சாவி வீட்ல ஆணியிலதான் தொங்கும்,” என்றாள் தனக்குத்தானே. பிறகு திரும்பிக்கொண்டாள். என் ஒர்க்ஷாப்புக்குப் பின்னால் தண்ணீர் தவிர வேறொன்றும் இல்லை, அதையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பிளக் மாட்டுகிற வேலையில் ரொம்ப மும்முரமாக இருந்தேன்.

திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. “இந்தக் கேன ஜெட்டியில வச்சிருங்க ஆசானே. எந்த வள்ளக்காரருக்காவது உதவும்.”

“முப்பத்தொண்ணு...” என்று ஆரம்பித்தேன்.

“எவ்வளவு வரும், நிஜமா?”

“பதினாலு. அதிர்ஷ்டம் இருந்தா.”

“அப்போ நீ ஃபீஸக் கூட்டு!” என்றார் சொல்லாமல் வந்து நின்ற பங்கஜாக்ஷி. “இந்தச் சொற்பக் காசுக்கு எவ சொல்லித் தருவா? என்கிட்டருந்தே ஆரம்பி.”

அந்தம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். “சேச்சி, வண்டிய நான் சோப்புப் போட்டுப் பாத்தேன், மிஷின் போட்டுப் பாத்தேன். உங்க மூக்குதான் முதல்ல கண்டுபிடிச்சது.”

“கிளட்ச்?”

“கிளட்ச் இன்னும் மோசம்தான்.”

ஞாயிற்றுக்கிழமை முதல் குர்பானை முடிந்ததும் கிளம்பினோம். லிஸ்ஸம்மா ஓட்டினாள், நான் பக்கத்தில் ஸ்கேனரோடு, பங்கஜாக்ஷி பின்னால் கடலை மிட்டாயோடு. சங்கனாச்சேரி வரை ஒரே வேகத்தில் போவது, திரும்பி வருவது, மறுபடி போவது. முதல் தடவை போகும்போது சிவப்பும் நீலமும் அப்படியே ஆடின. திரும்பும்போதும் ஆடின. சங்கனாச்சேரிக்குள் அந்தத் துணிக்கடையைத் தாண்டும்போது லிஸ்ஸம்மா வலது பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. கை மட்டும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தது. எனக்கு உள்ளுக்குள் பயம் வந்துவிட்டது. பாதிக்குப் பாதி என்று சொன்னதில் கெட்ட பாதிதான் நமக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது தடவை திரும்பி வரும்போது, கிடங்கறைப் பாலம் ஏறி இறங்கியபோது, நீலக் கோடு ஒரு கணம் தயங்கியது. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். மறுபடி ஆடியது. மறுபடி தயங்கியது. சிவப்பு தன்பாட்டுக்குக் குதித்துக்கொண்டிருக்க, நீலம் மெல்ல மெல்ல ஆட்டத்தைக் குறைத்தது. ராமங்கரி நெருங்கும்போது ஒரே நேர்கோடு.

“நின்னுடுச்சு!” என்று கத்தினேன்.

லிஸ்ஸம்மா பதறிப் பிரேக் போட்டாள். பங்கஜாக்ஷி முன் சீட்டில் வந்து மோதினார்.

“வண்டி இல்லடி, கோடு! கோடு நின்னுடுச்சு! நீ ஓட்டு!”

“இப்படித்தான் பிரேக் போடணுமா?” என்றார் பங்கஜாக்ஷி, நெற்றியைத் தடவிக்கொண்டு. “இத்தனை நாளா என்னைத்தானே திட்டின?” மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் பின்னால் ஹாரன் அடித்தவன் பாவம், என்ன விஷயம் என்று தெரியாமலே சிரித்துக்கொண்டு தாண்டிப் போனான்.

திங்கட்கிழமை புகை டெஸ்டில் வண்டி பாஸ். செவ்வாய்க்கிழமை ஃபிட்னஸ் பாஸ். இன்ஸ்பெக்டர் கீழே குனிந்துகூடப் பார்த்தார், ஒரு குறையும் கிடைக்கவில்லை. வியாழக்கிழமை பதினோரு பேரில் ஒன்பது பேர் டெஸ்டில் தேறினார்கள். பங்கஜாக்ஷி அந்த ஒன்பதில் ஒருவர் என்பதை நான் இன்னும் முழுதாக நம்பவில்லை. டேங்குக்கு நான் புது மூடி ஒன்று போட்டுக் கொடுத்தேன், இரண்டு சாவி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜெட்டியில் வள்ளம் ஏறினேன். அவுதக்குட்டியைப் பார்த்ததும் எனக்கு வேறு யாரோ என்று தோன்றியது. மீசை இல்லை. பெருநாளுக்கு இன்னும் நாள் இருந்தும் மனுஷன் முந்திக்கொண்டார். மேலுதடு வெளுத்து, பச்சைப் பிள்ளை மாதிரி இருந்தார். எஞ்சினுக்குப் பக்கத்தில் இரண்டு கேன் இருந்தன. ஒன்று எப்போதும் உள்ள அழுக்குக் கேன். இன்னொன்று புத்தம் புது வெள்ளைக் கேன், அதன்மேல் கோணல்மாணலாகச் சிவப்பு பெயின்ட்டில் ‘கார்’ என்று எழுதியிருந்தது.

லிஸ்ஸம்மா வந்து ஏறினாள். அப்பன் முகத்தைப் பார்த்தாள். வெள்ளைக் கேனையும் பார்த்தாள். வழக்கம்போல முன்னால் போய்த் தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்தாள். அவர் வழக்கம்போல வானத்தைப் பார்த்தார். எஞ்சின் கிளம்பியது. எனக்கு வந்த கோபத்தில் இரண்டு பேரையும் தண்ணீரில் தள்ளிவிட்டிருப்பேன்.

பாதி ஆற்றில் அவள் திரும்பி உட்கார்ந்தாள். பின்பக்கம் பார்த்து என்னவோ சொன்னாள். எஞ்சின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. வழக்கமாக அவர் கையை முறுக்கிச் சத்தத்தைக் கூட்டுகிற நேரம் அது. அவர் எஞ்சினை அணைத்தார். வள்ளம் தானாக மிதந்தது.

“என்ன சொன்ன?” என்றார். பதினோரு மாதத்துக்குப் பிறகு அவளிடம் அவர் நேராகச் சொன்ன முதல் வார்த்தை.

“வண்டி மைலேஜ் பதினாலாக் கொறஞ்சு போச்சு, அப்பச்சா.”

அவுதக்குட்டி மீசையை வருடக் கையைத் தூக்கினார். அங்கே ஒன்றும் இல்லை. கை வாயைப் பொத்தியபடி அப்படியே நின்றுவிட்டது. கண்ணில் தண்ணீர் நிறைந்து கன்னத்தில் இறங்கியது, அவர் துடைக்கவில்லை.

“பதினாலுதான் குடுக்கும்,” என்றார் கடைசியில். “நீ ஓட்டுற ஓட்டுக்கு அதுவே அதிகம்.”

“புதுச் சாவி பழைய ஆணியிலேயே தொங்குது,” என்றாள் அவள். “ஞாயித்துக்கிழமையும் ஊத்தலாம், தப்பில்ல.”

நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். வள்ளம் மெதுவாக நீரோட்டத்தோடு கீழே போய்க்கொண்டிருந்தது, எங்கள் கரையை விட்டு விலகி ரொம்பத் தூரம் வந்துவிட்டோம். எஞ்சினைக் கிளப்புங்க என்று யாரும் சொல்லவில்லை.